கலியாணத்துக்கு மாதிரி வினாத்தாள்

ரியூஷன் மாஸ்டராக இருந்தவனை எந்த நாட்டில் கொண்டுபோய் விட்டாலும் அங்கே அவன் ஒரு பரீட்சையைக் கண்டுபிடித்துவிடுவான். வைத்தியர் “எங்கே நோகிறது” என்று கேட்டால் விடையை (அ), (ஆ), (இ) என்று பிரித்துச் சொல்லுவான். கடையில் தக்காளி வாங்கினால் காசைக் கூட்டிய செய்கைவழியையும் எழுதிக் காட்டுவான். நான் அப்படிப்பட்ட ஒருவன். யாழ்ப்பாணத்தில் ஐந்து வருடம் உயர்தர வகுப்புக்குத் தூய கணிதம் படிப்பித்தவன். பரீட்சைக்கு முதல் மாதம் நான் வெளியிடும் மாதிரி வினாத்தாளுக்கு ஊரில் ஒரு மதிப்பு இருந்தது. (அதிலிருந்து வந்த கேள்விகள் குறைவு. வந்தவற்றை மட்டும் நோட்டீஸ் அடித்து ஒட்டுவேன்.)

இந்த வியாதியோடுதான் எண்பத்து நாலாம் ஆண்டின் கடைசியில் டென்மார்க்கில் வந்து இறங்கினேன். கடற்கரைப் பக்கம் ஒரு பழைய விடுதியை முகாமாக்கி எங்களை வைத்திருந்தார்கள். அங்கே கிழமையில் இரண்டு நாள் மொழிபெயர்க்க ஒரு பெண் வருவா. பெயர் ரெஜினா. மன்னார்ப் பக்கம், வேதக்காரக் குடும்பம். ஏழெட்டு வருடங்களுக்கு முன்னமே ஒரு டெனிஷ் வீட்டுக்குப் பிள்ளை பார்க்க வந்து, மொழி படித்து, அப்படியே தங்கிவிட்டவ. டோஸ்ட்ருப்பில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. நிரந்தர வதிவிட அனுமதி உள்ளவ. என்னைவிட இரண்டு வயது மூப்பு. இதையெல்லாம் நான் பிறகுதான் அறிந்தேன். அவ என்னோடு முதலில் கதைத்தது என் விண்ணப்பப் படிவத்தைப் பற்றி.

“இஞ்ச பாருங்கோ மாஸ்டர். ‘ஏதாவது குற்றம் செய்திருக்கிறீரா’ எண்ட இடத்தில ‘ஓம், தூய கணிதம், ஐந்து வருடம்’ எண்டு எழுதியிருக்கிறீங்கள்.”

விடைகளை ஒரு வரி பிசகி எழுதியிருந்தேன். என்னிடம் படித்த பிள்ளைகளுக்கு ஆயிரம் தடவை எச்சரித்த பிழை அது. அவ சிரிக்காமல் புது விண்ணப்பப் படிவம் ஒன்றை எடுத்துத் தந்தா. அதையும் நான் பிழையாகத்தான் நிரப்பினேன். மூன்றாவது படிவத்துக்குப் பிறகு இருவரும் கன்ரீனில் கோப்பி குடித்தோம். அடுத்த கோடையில் நகரசபைக் கந்தோரில் நாலு நிமிடத்தில் கலியாணம் முடிந்தது. ஹ்விடோவ்ரேயில் அவவின் இரண்டறை வீட்டுக்கு என் ஒரேயொரு சூட்கேசுடன் குடிபோனேன். ரொட்டித் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலையும் கிடைத்தது.

இதுவரைக்கும் எல்லாம் நல்ல கதை. ஆனால் அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களிடம் ஒரு சொல் உலாவியது: விசாக் கலியாணம். ஒருநாள் புரொண்பியில் ஒரு பிறந்தநாள் வீட்டில், என் எதிரிலேயே ஒரு அக்கா ரெஜினாவிடம், “தம்பிக்கு வாய்ச்ச வாழ்வு. வீடும் சரி, விசாவும் சரி” என்றா. ரெஜினா சிரித்தா. எல்லாரும் சிரித்தோம். வீட்டுக்கு வரும் பஸ்ஸில் ரெஜினா ஒரு சொல்லும் கதைக்கவில்லை. களைப்பாக்கும் என்று நான் நினைத்தேன். (அப்போது என் அறிவு அந்த மட்டத்தில்தான் இருந்தது.)

எனக்கு வருடாவருடம் புதுப்பிக்கும் அனுமதிதான் தந்திருந்தார்கள். பிறகு நிரந்தர அனுமதிக்கு விண்ணப்பித்தோம். ஒரு மாரிகாலத்தில் கடிதம் வந்தது. இருவரும் பொலிஸ் கந்தோருக்கு வரவேண்டும். தனித்தனியாக விசாரிப்பார்கள். திருமண வாழ்க்கை பற்றிக் கேட்பார்கள்.

ரெஜினா கடிதத்தை வாசித்துவிட்டுக் குளிரூட்டிப் பெட்டியின் மேல் வைத்துவிட்டுச் சோறு வடிக்கப் போனா. நான் கடிதத்தை எடுத்துக்கொண்டு குணம் அண்ணையிடம் போனேன்.

குணம் அண்ணை புரொண்பியில் இருந்தவர். டென்மார்க்கில் எந்த அலுவலென்றாலும் அவரிடம்தான் எல்லாரும் போவார்கள். கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“தனித்தனி அறை. ஒரே கேள்வி. விடை பொருந்தாட்டில் ஆளைப் பிளேனில ஏத்திவிடுவாங்கள்” என்றார்.

“என்ன கேள்வி அண்ணை?”

“எல்லாம் கேப்பாங்கள். பல்லுத் தீட்டுற பிரஷ் என்ன நிறம். கட்டில்ல ஆர் எந்தப் பக்கம். காலமை ஆர் முதல்ல எழும்பிறது. மனிசிக்குத் தேத்தண்ணிக்கு எத்தினை கரண்டி சீனி. ஒருத்தன் மாமியாரின்ர பேரைப் பிழையாச் சொல்லி, இப்ப ஆளே இல்லை.”

“ஆர் அவன்?”

“உமக்குத் தெரியாது” என்றார்.

(குணம் அண்ணை கலியாணம் கட்டாதவர் என்பதும், அந்தக் கந்தோரின் வாசலையே அவர் கண்டதில்லை என்பதும் எனக்கு அப்போதே தெரியும். ஆனால் மாதிரி வினாத்தாள் தயாரிப்பவனுக்கு வதந்திதான் பாடத்திட்டம்.)

அன்றே ஒரு கொப்பி வாங்கினேன். மூன்று நாளில் நூற்றிருபது கேள்விகள் தயார். பகுதி ஒன்று, சுருக்க விடை. பகுதி இரண்டு, விரிவான விடை. பகுதி மூன்று, சந்தர்ப்பம் கூறி விளக்குக. ஒவ்வொன்றுக்கும் மாதிரி விடையும் எழுதினேன்.

“உண்மையைச் சொல்லுறதுக்கும் ஆராவது படிக்கிறவையோ?” என்று ரெஜினா கேட்டா.

“உண்மையைத்தான் கவனமாப் படிக்கவேணும். அது ஆளுக்காள் வித்தியாசப்படும்” என்றேன். இதைப் பெரிய தத்துவமாக நினைத்துக் கொப்பியின் முகப்பிலும் எழுதினேன்.

ஒரு ஞாயிறு மத்தியானம் குசினி மேசையில் பரீட்சை. நேரம் ஒன்றரை மணி. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசையைச் சுற்றி நடந்தேன். குசினி ஆறடி அகலம். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் அவவின் கதிரையை இடித்தேன். அவ அரை மணியில் எழுதி முடித்துவிட்டு எழும்பி வெங்காயம் உரிக்கப் போனா.

விடைத்தாளைத் திருத்தினேன்.

கணவர் கட்டிலில் எந்தப் பக்கம் படுப்பார்? என் மாதிரி விடை: இடப்பக்கம். அவ எழுதியிருந்தது: குறுக்காக.

கணவருக்குப் பிடித்த உணவு? மாதிரி விடை: பிட்டும் மீன்குழம்பும். அவ எழுதியிருந்தது: மற்றாக்கள் சமைத்தது எல்லாம்.

உங்களுக்குள் சண்டை வருவதுண்டா? மாதிரி விடை: ஒருபோதும் இல்லை. அவ எழுதியிருந்தது: பதினொன்றாம் கேள்வி வாசித்ததில் இருந்து வருகிறது.

நூற்றுக்கு நாற்பத்தொன்று போட்டு, “கவனம் போதாது” என்று சிவப்பு மையால் எழுதிக் கொடுத்தேன். அவ அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்தா. வெட்கத்தில் ஒளிக்கிறா என்று நினைத்தேன்.

ரெஜினா திருந்த மாட்டா என்று தெரிந்ததும் நான் வேறு வழிக்கு இறங்கினேன். விடைக்கு வாழ்க்கை ஒத்துவராத இடத்தில் வாழ்க்கையைத் திருத்தினேன். கட்டிலின் இடப்பக்கத்தில் நேராகப் படுத்துப் பழகினேன். மூன்று கிழமையில் இரண்டு தடவை விழுந்தேன். எனக்கு நீலப் பிரஷ், அவவுக்குச் சிவப்பு என்று வாங்கி வைத்தேன். தேத்தண்ணிக்கு இரண்டு பேருக்கும் ஒரே அளவாக ஒன்றரைக் கரண்டி சீனி என்று தீர்மானித்தேன். அவவுக்குச் சீனி ஆகாது. ஒரு வாய் குடித்துவிட்டு எழும்பிப்போய்ப் பேசினில் ஊற்றினா. மறுநாளும் அதே. ஆனால் நான் விடையை மாற்றவில்லை.

ஒரு பின்னேரம் அவ கொப்பியை எடுத்துத் தட்டிப் பார்த்தா. கடைசிப் பக்கம்வரை பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினா.

“இஞ்சேருங்கோ, நான் ஒரு கேள்வி கேக்கட்டோ? ஏன் என்னைக் கட்டினனீங்கள்?”

எனக்குப் பெரிய சந்தோஷம். ஒருவழியாகப் படிக்கத் தொடங்கிவிட்டா என்று நினைத்தேன். “அது பகுதி இரண்டில முதலாம் கேள்வி” என்று பக்கத்தைத் திருப்பி வாசித்துக் காட்டினேன். “ஒருமித்த விருப்பங்களும், பரஸ்பர மரியாதையும், நீண்டகாலக் குடும்ப வாழ்வு பற்றிய பொதுவான நோக்கும் எங்களை இணைத்தன.”

அவ குழாயைத் திறந்து கோப்பை கழுவத் தொடங்கினா. அந்தக் கோப்பைகள் ஏற்கெனவே கழுவியவை. அதையும் நான் கவனித்தேன். கவனித்துவிட்டுப் பகுதி மூன்றுக்குப் போனேன்.

மொழிபெயர்ப்பாளர் பிரச்சினை ஒன்றும் இருந்தது. அந்தக் கந்தோருக்குத் தமிழ் மொழிபெயர்க்க வழக்கமாகப் போறவவே ரெஜினாதான்.

“புருசனை நான் மொழிபெயர்க்க விடமாட்டினம். உங்களுக்குத் தெரிஞ்ச டெனிஷில கதையுங்கோ, காணும்” என்றா.

எனக்குத் தெரிந்த டெனிஷ் ரொட்டித் தொழிற்சாலையில் பொறுக்கியது. சூடு, தள்ளு, கவனம், நாசமாய்ப் போக, நல்ல வாரவிடுமுறை. இவற்றை வைத்துப் பரஸ்பர மரியாதையை விளக்க முடியாது. ஆகவே மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று எழுதிப் போட்டேன். ரெஜினாவுக்கு விருப்பமில்லை. நான் கேட்கவில்லை.

அந்த நாளும் வந்தது. மழையும் பனியும் கலந்து முகத்தில் அடித்தது. நான் குணம் அண்ணையின் கோட்டும் களிசானும் போட்டிருந்தேன். அவர் என்னைவிட ஒரு சாண் கட்டை. மூச்சை உள்ளே இழுத்தால்தான் பொத்தான் பூட்டும். விட்டால் என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியாது, பொத்தானுக்கும் தெரியாது.

கந்தோர் வாசலில், கம்பளிச் சுவெற்றர் போட்டு, வாயில் பைப் வைத்த வயதான ஒருவர் கதவைத் திறந்துவிட்டார். வாசல்காவலாளி என்று நினைத்து என் ஈரக் குடையை அவரிடம் கொடுத்தேன். தொப்பியையும் கொடுத்தேன். அவர் இரண்டையும் மரியாதையாக வாங்கிக் கொழுவிவிட்டு, ரெஜினாவுக்குக் கைகொடுத்து, விசாரணை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். என்னை விசாரிக்கப்போகிற அதிகாரி அவர்தான்.

ரெஜினா உள்ளே நாற்பது நிமிடம் இருந்தா. இடையில் கதவுக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒன்று ரெஜினாவின் சிரிப்பு, மற்றது பைப்காரரின் கனத்த சிரிப்பு. பரீட்சை மண்டபத்துக்குள் என்ன சிரிப்பு? வெளியே வந்தவ ஒன்றும் சொல்லாமல் என் கழுத்துப்பட்டியை நேராக்கிவிட்டுச் சுவரோர வாங்கில் இருந்தா.

உள்ளே மொழிபெயர்ப்பாளர் எழும்பி நின்று கும்பிட்டார். முப்பது வயதிருக்கும். மெட்ராஸ்காரர். ரகுராமன் என்று பெயர். பால் பதப்படுத்தும் ஆராய்ச்சிக்காக வந்து நன்றாக டெனிஷ் படித்தவர். மொழிபெயர்க்க வந்தது அதுதான் முதல் தடவை.

“சார், டென்ஷன் ஆகாதீங்க. நீங்க சொல்றத ஒரு வார்த்தை விடாம அப்படியே சொல்லிடறேன்” என்றார்.

சொன்னபடியே செய்தார். அதுதான் பிரச்சினை.

முதல் கேள்விகள் சுகமாகப் போயின. பெயர், பிறந்த இடம், வேலை. கட்டிலில் எந்தப் பக்கம் என்று உண்மையிலேயே கேட்டார். குணம் அண்ணையை மனதில் கும்பிட்டுவிட்டு “இடப்பக்கம்” என்றேன். அதிகாரி முன்னாலிருந்த ஒரு தாளைப் பார்த்தார். மடிப்பு விழுந்த தாள். அதில் சிவப்பு மை தெரிந்தது. நாற்பத்தொன்று.

ரெஜினா விடைத்தாளைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறா.

அந்த நேரம் பார்த்து அடுத்த கேள்வி வந்தது. ரகுராமன் கேட்டார்: “வீட்ல உங்க மனைவி உங்ககிட்ட எப்படிப் பேசுவாங்க சார்?”

இங்கே ஒரு சங்கதி சொல்லவேண்டும். எங்கள் ஊரில் பேசுவது என்றால் ஏசுவது. அம்மா பேசினா என்றால் வாங்கிக் கட்டிக்கொண்டோம் என்று பொருள். மற்றதற்கு நாங்கள் கதைக்கிறது என்போம். இந்தியாக்காரர் பேசுவது என்பது கதைப்பது என்று எனக்குத் தெரியாதா? நூறு படம் பார்த்தவன் நான். ஆனால் ஒரு சாண் கட்டையான களிசானுக்குள், சிவப்பு மையைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போது மூளை ஊருக்கே ஓடிவிட்டது. சண்டை பற்றிய கேள்வியாக்கும் என்று மாதிரி விடையை எடுத்துவிட்டேன்.

“அவ பேசுறேல்லை. ஒருநாளும் பேசினதில்லை.”

ரகுராமன் திகைத்தார். “ஒருநாள்கூடவா?”

“கலியாணம் கட்டின நாள் துவங்கி இண்டைவரைக்கும் ஒரு சொல்லுப் பேசினதில்லை. அவவின்ர குணம் அப்பிடி.”

அவர் இரக்கத்தோடு மொழிபெயர்த்தார். அதிகாரி பைப்பை வாயிலிருந்து எடுத்தார்.

“அப்போ ரெண்டு பேரும் வீட்ல என்னதான் செய்வீங்க?”

“கதைப்பம்.”

“கதையா?”

“ஓம். வேலையால வந்து, தேத்தண்ணியும் வைச்சுக்கொண்டு, ரெண்டு பேரும் இருந்து கதைப்பம். இந்த விசாரணையைப் பற்றியும் ஒரு மாதமாக் கதைச்சுத்தான் வந்தனாங்கள்.”

ரகுராமன் என்ன சொன்னார் என்று பிறகுதான் அறிந்தேன். ‘மனைவி இவரோடு ஒருபோதும் பேசியதில்லை. ஆனால் இருவரும் சேர்ந்து கதை கட்டுவார்கள். இந்த விசாரணைக்காக ஒரு மாதமாகக் கதை தயாரித்திருக்கிறார்கள்.’ அதிகாரி நீண்ட நேரம் எழுதினார். பைப் அணைந்துவிட்டது. அவர் அதைத் திரும்ப மூட்டவில்லை.

பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு கேள்வி கேட்டார். ரகுராமன் தமிழில் சொன்னார்: “இவங்கள எதுக்காகக் கல்யாணம் பண்ணிக்கிட்டீங்கன்னு கேக்கறார் சார்.”

பகுதி இரண்டு, முதலாம் கேள்வி. ஒருமித்த விருப்பங்களும்... அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்ததுபோல மனம் வெறுமையாகக் கிடந்தது. வாய் தன்பாட்டுக்கு ஒரு சொல்லைச் சொன்னது.

“வடிவு.”

“வடிவா?”

“ஓம். வேறென்ன? வடிவைக் கண்டுதான் கட்டினனான்.”

(ஊரில் வடிவு என்றால் அழகு. மெட்ராசில் அது ஒரு பெண்ணின் பெயர். ரகுராமனுக்கு வடிவு என்று சொந்தத்தில் ஓர் அத்தையே இருந்தாவாம்.)

ரகுராமன் குரலைத் தாழ்த்தினார். “வடிவை எங்க பார்த்தீங்க?”

கண்ட இடத்தையெல்லாம் எதற்குக் கேட்கிறார்கள் என்று யோசித்தேன். ஆனால் சொல்லத் தொடங்கியபின் நிறுத்த முடியவில்லை. “முகாமில. முதல் நாள். வெளியில பனி கொட்டுது. கதவடியில நிண்டு சப்பாத்தைத் தட்டினவ. தலைமயிரெல்லாம் பனித்துளி. அந்த வடிவை இண்டைக்கும் என்னால மறக்கேலாமக் கிடக்கு.”

அதிகாரி எழுதிக்கொண்டே ஏதோ கேட்டார்.

“இந்த வடிவு விஷயம் உங்க மனைவிக்குத் தெரியுமா சார்?”

“இல்லை. ஒருநாளும் சொல்லேல்லை” என்றேன். காது சுட்டது. “எனக்கு வெக்கம்.”

ரகுராமன் நிலத்தைப் பார்த்தார். அதிகாரி எழும்பிப்போய்க் கதவைத் திறந்து ரெஜினாவைக் கூப்பிட்டார்.

ரெஜினா வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தா. அதிகாரி மெதுவாக, நோயாளிக்குச் சொல்வதுபோல ஏதோ சொன்னார். நாசமாய்ப் போக என்ற மட்டத்தில் டெனிஷ் தெரிந்த எனக்கு ஒரேயொரு சொல்தான் விளங்கியது. அது தமிழ்ச்சொல்.

ரெஜினாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். கோபமாக இருந்தால் எனக்குப் பயம் வந்திருக்காது. அவ கோபப்படவில்லை. புரொண்பியிலிருந்து பஸ்ஸில் வந்தபோது யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த அதே முகம். இவ்வளவு நாளும் அவவுக்குள் என்ன கிடந்தது என்று அப்போதுதான், அந்தப் பொலிஸ் கந்தோரில்தான், எனக்கு விளங்கியது. நூற்றிருபது கேள்வி தயாரித்தவனுக்கு அது விளங்க ஒன்றரை வருடம் எடுத்தது.

“ஆர் அது வடிவு?” என்று கேட்டா. குரல் எழும்பவில்லை.

“எந்த வடிவு?”

ரகுராமன் என் தோளில் கைவைத்தார். “மறைக்காதீங்க சார். கேம்ப்ல பார்த்த வடிவு. இன்னிக்கும் மறக்க முடியலன்னு நீங்கதானே சொன்னீங்க.”

ஒவ்வொன்றாகப் பின்னோக்கி ஓடிப்பார்த்தேன். கணக்கில் எந்த வரியில் பிழைத்தது என்று தேடுவதுபோல. பிழை கிடைத்தது. ஐயோ என்று எழும்பினேன். எழும்பிய வேகத்தில் குணம் அண்ணையின் களிசானில் பொத்தான் தெறித்து மேசைக்கு மேலால் போய் அதிகாரியின் கோப்பிக் கோப்பைக்குள் விழுந்தது. இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“நீர்தான்” என்றேன்.

“நான் என்ன?”

“நீர்தானப்பா வடிவு. ஏன் கட்டினனீர் எண்டு கேட்டார். நீர் வடிவு எண்டு சொன்னனான். வேற ஒரு பொம்பிளையும் இல்லை.”

ரெஜினா என்னைப் பார்த்தா. ரகுராமனைப் பார்த்தா. திரும்பவும் என்னைப் பார்த்தா.

“கதவடியில சப்பாத்துத் தட்டினது?”

“நீர்.”

“அதை ஏன் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?”

“வெக்கமாக் கிடந்தது.”

“பொலிசுக்குச் சொல்ல வெக்கமில்லை. எனக்குச் சொல்லத்தான் வெக்கமோ?”

பிறகு அவவுக்குச் சிரிப்பு வந்தது. நின்று போகிற சிரிப்பில்லை. மேசையில் நெற்றியை வைத்துச் சிரித்தா. நிமிர்ந்து என் இடுப்பைப் பிடித்த கைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் மேசையில் சாய்ந்தா. கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு ஏசத் தொடங்கினா. கொப்பிக்கு, சீனிக்கு, சிவப்பு மைக்கு, பரஸ்பர மரியாதைக்கு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக. ரகுராமன் கடமை தவறாமல் மொழிபெயர்க்கத் தொடங்கினார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை என்றார்.

மூச்சு வாங்கியபின் ரெஜினா டெனிஷில் நடந்ததை விளக்கினா. பேசுவது என்றால் என்ன, கதைப்பது என்றால் என்ன, வடிவு என்றால் என்ன. அதிகாரி ஒவ்வொரு சொல்லையும் எழுதிப் பக்கத்தில் பொருள் எழுதினார். ரகுராமனும் தன் கொப்பியில் எழுதினார். பிறகு அதிகாரி கரண்டியால் பொத்தானைத் தோண்டி எடுத்து, கடதாசியில் துடைத்து என்னிடம் தந்தார். ரெஜினா எழுதிய விடைத்தாளைக் கோவைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். போகும்போது குடையையும் தொப்பியையும் அவரே எடுத்துத் தந்து, என்னிடம் நேராக, மெதுவான டெனிஷில் ஒரு வசனம் சொன்னார். எனக்கு விளங்கியது. “நாற்பத்தொன்று குறைவு. நான் என்றால் தொண்ணூறு போட்டிருப்பேன்.”

இரண்டு கிழமையில் அனுமதி வந்தது.

அன்று ரயிலில் வீடு திரும்பும்போது ரெஜினா, “உள்ளுக்க என்ன சொன்னனீங்கள், திருப்பிச் சொல்லுங்கோ” என்றா. சொன்னேன். “பனித்துளியோ?” என்றா. பனித்துளி என்றேன். ஹ்விடோவ்ரே வருவதற்குள் மூன்று தடவை சொல்லவைத்தா. முன்னாலிருந்த டெனிஷ்காரர் நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுவதைப் பார்த்து, கழிப்பறை எந்தப் பக்கம் என்று கைகாட்டினார்.

என் கொப்பியைக் குணம் அண்ணை கேட்டு வாங்கினார். பிரதியெடுத்துப் பலருக்குக் கொடுத்தார் என்று கேள்வி. கடைசிப் பக்கத்தில் தன் கையால் ஒரு குறிப்புச் சேர்த்திருந்தாராம்: ‘மனைவியை வர்ணிக்க வேண்டாம்.’ ரகுராமன் எங்கள் வீட்டு நண்பரானார். டென்மார்க்கை விட்டுப் போகும்வரை ஞாயிறுகளில் பிட்டுச் சாப்பிட வருவார். கதவைத் திறந்ததும், “வடிவு சௌக்கியமா சார்?” என்று கேட்பார்.

அன்றிலிருந்து வடிவு எங்கள் வீட்டில் குடியிருக்கிறா. நான் வேலையால் பிந்தி வந்தால் வடிவு வீட்டுக்குப் போய்விட்டேன். ரெலிபோன் அடித்துத் தானாக நின்றால் அழைத்தது வடிவு. டென்மார்க்கில் பிறந்த எங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் இதைக் கேட்டே வளர்ந்தார்கள். மகளை இரண்டாம் வகுப்பில் குடும்பப் படம் கீறச் சொன்னபோது அவ அப்பா, அம்மா, தம்பி, பக்கத்தில் நீளச் சேலையோடு வடிவு என்று கீறி வைத்தா. ஆசிரியை எங்கள் இருவரையும் அவசரமாகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டு, “இந்தப் பெண்மணி உங்களுடன்தான் வசிக்கிறாவா?” என்று கேட்டா. அப்போது எனக்கு டெனிஷ் நன்றாகத் தெரியும். இருந்தும் விளக்க முக்கால் மணித்தியாலம் எடுத்தது. ரெஜினா பக்கத்திலிருந்து ஒரு சொல்லும் உதவவில்லை.

இப்போது ரெஜினாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. எங்காவது கலியாண வீடு, பூப்புனித நீராட்டு விழா என்றால் சேலை உடுத்து முடித்து, மாடிப்படியடியில் வந்து நிற்பா. எப்படி இருக்கு என்று ஒருநாளும் கேட்கமாட்டா. பேரப்பிள்ளைகள் எல்லாரும் சப்பாத்துப் போடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்கள்.

“இஞ்சேருங்கோ, வடிவைக் கண்டனீங்களோ?”

“கண்டனான்” என்று நான் சொன்னபிறகுதான் அவவின் கைப்பைக்குள் இருந்து கார்த் திறப்பு என் கைக்கு வரும்.